நாலு மணி நேரந்தான்!

“சிங்கப்பூர் எவ்வளவு தூரம்டா?” என்று பெரியம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் கேட்பார். “நாலு மணி நேரந்தான் பெரியம்மா. காலையில கூப்பிட்டா ராத்திரிக்குள்ள வந்து நிப்பேன்” என்பேன்.

சொன்னது பொய்யில்லை. சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வான்வழியாக ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் மூன்றரை மணி நேரம். ஓடுபாதைக்கு நகர்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்தால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும்.

கடிகாரமும் சேர்ந்துகொண்டு நம்மை ஏமாற்றும். காலை 9 மணிக்குக் கிளம்பினால் அங்கே 10.30க்கெல்லாம் இறங்கிவிடலாம். இலாபமாகக் கிடைத்த அந்த இரண்டரை மணி நேரத்தைத் திரும்பி வரும்போது கொடுத்துவிட வேண்டும். 1982க்கு முன்பு இந்த வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். அவ்வாண்டு ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா, சபா சரவாக் நேரத்தோடு ஒத்துப்போக அரை மணி நேரம் முன்னே நகர்ந்தது; சிங்கப்பூரும் கூடவே நகர்ந்தது.

ஆனால், பயணம் விமானத்தில் தொடங்குவதில்லையே! ஈசூன் வீட்டிலிருந்து சாங்கிக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம். அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். திருச்சியில் குடிநுழைவு, பெட்டி எடுக்க ஒரு மணி நேரம். அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊருக்குக் காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். கூட்டிப் பாருங்கள், பதினோரு மணி நேரம் ஆகிவிடும். அதுவும் அன்றைக்கே விமானத்தில் இடம் கிடைத்தால்தான்.

ஒரு புதன்கிழமை காலை அண்ணன் அழைத்தார். பெரியம்மா போய்விட்டார். டிக்கெட் பார்க்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, என் இந்திய விசா போன மாதமே முடிந்திருந்தது. “நாலு மணி நேரந்தானே” என்ற நினைப்பில் தேதியைப் பார்க்கவே இல்லை. புதிதாக விண்ணப்பித்து, கிடைத்து, ஊர் போய்ச் சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை. பால் தெளிப்பும் முடிந்திருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி மட்டும், “ஞாயித்துக்கெழமை ஆச்சுன்னா போனையே பாத்துக்கிட்டு இருப்பாங்க தம்பி” என்றார்.

ராஜுலா கப்பலில் வந்த நம் தாத்தாக்களுக்கு ஊர் ஒரு வார தூரத்தில் இருந்தது. நினைத்தவுடன் போக முடியாது என்று தெரிந்தே அவர்கள் விடைபெற்றார்கள். நாம்தான் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு போகாமலே இருக்கிறோம்.

ஊரில் வயதானவர்கள் இருக்கிறார்களா? இன்றிரவே கடப்பிதழை எடுத்துப் பாருங்கள். ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா? விசா இருக்கிறதா? தகுதி இருந்தால் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். முடிந்தால், யாரும் அழைப்பதற்கு முன்பே ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.