வாரண்டிக்குப் பணம் கட்டியாச்சுல்ல, பாதியில விட்றாதீங்க!

லேப்டாப் வாங்கும்போது பில் போடுற இடத்தில் ஒரு கேள்வி வரும்: "எக்ஸ்டெண்டட் வாரண்டி சேர்த்துக்கலாமா சார்?" இது வீண் செலவுன்னு பாதிப் பேர் சொல்றாங்க, கண்டிப்பா வேணும்னு மீதிப் பேர். என் கருத்து இதுதான்: பழுதாகும்போது கடைசி வரை நின்னு கேட்கத் தயார்னா வாங்குங்க. சும்மா மன நிம்மதிக்குன்னா வேண்டாம்.

என் கணக்கையே சொல்றேன். லேப்டாப் விலை 62,000 ரூபாய். ஒரு வருட வாரண்டியை மூன்று வருடமாக்க, தயாரிப்பாளரிடமே 5,500 ரூபாய் கட்டினேன். 26-வது மாதம், ராஜபாளையத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கிட்டு இருந்தப்போ பட்டுனு அணைஞ்சு போச்சு. லீவு போட்டு மதுரை சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிட்டுப் போனேன். நாலு நாள் கழிச்சு போன்: "மதர்போர்டு போச்சு சார். உள்ளே தண்ணி பட்டிருக்கு, வாரண்டி வராது. 28,000 ஆகும்."

இங்கேதான் நம்மில் பலர் "சரி, நம்ம நேரம்"னு சொல்லிட்டு, கார்டைத் தேய்ச்சு புது லேப்டாப்பை இ.எம்.ஐ.யில் வாங்குறோம். 5,500 ரூபாய் கட்டினதே இந்த ஒரு நாளுக்காகத்தான். அதை அப்படியே விட்டுட்டு வர்றது, பாலிசிக்கு பிரீமியம் கட்டிட்டு கிளைம் பண்ணாம இருக்கிற மாதிரி.

நான் சண்டை போடல. மூணு விஷயம் மட்டும் செஞ்சேன். வாரண்டி மறுத்த காரணத்தை ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொன்னேன். தண்ணி பட்ட இடத்தின் போட்டோவை மெயிலில் கேட்டேன். போட்டோ வரல. உடனே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செஞ்சு, அந்தப் புகார் எண்ணையும் அதே மெயிலில் அனுப்பினேன். 12 நாளில் போர்டை இலவசமா மாத்திக் கொடுத்தாங்க. போட்டோவில் உண்மையிலேயே தண்ணி பட்டது தெரிஞ்சிருந்தா, நான் காசு கொடுத்திருப்பேன். ஆதாரத்தைத்தான் கேட்டேன்.

அப்பவும் மறுத்திருந்தா? ஸ்ரீவில்லிபுத்தூர்னா நமக்குக் கோயிலும் பால்கோவாவும்தான் ஞாபகம் வரும். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும் அங்கேதான் இருக்கு. ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினா பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்க குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைன்னா தாக்கல் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போடணும். நோட்டீஸ் கிடைச்ச கம்பெனி 30 நாளில் பதில் தரணும், மிஞ்சிப் போனா இன்னும் 15 நாள். அதுக்கு மேல் அவகாசம் தர முடியாதுன்னு உச்ச நீதிமன்றமே 2020-இல் சொல்லிடுச்சு. தீர்ப்பு வரக் காலம் ஆகலாம். ஆனா அங்கே பேசப்போவது உங்க கையில் இருக்கிற பேப்பர்தான். அதனாலதான் ஜாப் ஷீட்டும் மெயிலும் அவ்வளவு முக்கியம்.

சரி, வாங்கலாமா வேண்டாமா? 28,000-இல் 5,500 என்பது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. அதாவது, அஞ்சு பேரில் ஒருத்தருக்கு இந்தப் பழுது வந்தாலே போட்ட காசு சரியாப் போகும். ஆனா இதில் ஒரு மறைமுகச் செலவு இருக்கு. மாசம் 35,000 சம்பளம்னா ஒரு நாள் சம்பளப் பிடித்தம் சுமார் 1,170 ரூபாய். மதுரைக்கு மூணு தடவை அலைஞ்சதில் எனக்கு 3,500 போச்சு, பஸ் காசு தனி.

அதனால நம்மள மாதிரி ஊர்க்காரங்க பணம் கட்டும் முன் இதையெல்லாம் கேளுங்க. இந்த வாரண்டி தயாரிப்பாளர் தர்றதா, கடைக்காரர் திட்டமா? 626117 பின்கோடுக்கு ஆள் வீட்டுக்கே வந்து பார்ப்பாரா, நாமதான் தூக்கிட்டுப் போகணுமா? பேட்டரி, சார்ஜருக்கு எத்தனை மாசம்? கீழே விழுந்தா, தண்ணி பட்டா சேருமா? பெரும்பாலான திட்டங்களில் சேராது. அதுக்குத் தனிக் கட்டணம்.

வீட்டுக்கே வர்ற சர்வீஸ்னா, வேலைக்கு லேப்டாப்பை நம்பியிருக்கிறவங்க தாராளமா வாங்கலாம். விலை குறைஞ்ச லேப்டாப்பா, இல்ல ஆபீஸே லேப்டாப் தருதா? அந்தப் பணத்தை அவசர நிதியில் போட்டுடுங்க.

ஏற்கெனவே வாங்கியிருந்தா, இன்னைக்கு ராத்திரியே பில்லையும் வாரண்டிச் சான்றிதழையும் தேடி எடுத்து உங்க மெயிலுக்கு அனுப்பி வைங்க. பழுதான லேப்டாப்புக்குள்ளேயே அந்த பி.டி.எஃப். மாட்டிக்கிட்டா, தேடக்கூட முடியாது!