முன்பனிக் காலமும் முடிவில் ஒரு முத்தமும்

"தரமான நூல் எது?" என்று எங்கள் வகுப்பில் ஒருநாள் விவாதம் நடந்தது. மாத நாவல்களின் பெயரை ஒருவர் எடுத்ததுமே வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று மாலை ஆடலூருக்குப் பேருந்து ஏறியபோது, என் பையில் அக்காளுக்காக வாங்கிய இரண்டு மாத நாவல்கள் இருந்தன. என் சிரிப்பு எனக்கே உறுத்தியது. அந்த உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

பழனி மலையின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது எங்கள் ஆடலூர். காப்பியும் மிளகும் மலைவாழையுமே எங்கள் பிழைப்பு. காப்பிப் பழம் சிவந்து பறிப்புக்கு வருவது கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில். பிறர் போர்வையை விட்டு எழத் தயங்கும் நேரத்தில், எங்கள் பெண்கள் ஈரச் செடிகளுக்குள் நுழைந்துவிடுவார்கள். அக்காளும் அவர்களுள் ஒருத்தி. அவள் பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டதனால்தான் நான் கல்லூரிக்கு வர முடிந்தது. இரவில் பாத்திரம் கழுவிய பின், அவள் கையில் ரமணிசந்திரனின் நாவல் ஒன்று இருக்கும்.

"அப்படி என்னடி இருக்கு அந்தப் புத்தகத்துல?" என்று அம்மா கேட்பார்.

"கடைசியில நல்லபடியா முடியும்மா" என்பாள் அக்காள்.

கொடைக்கானலில் ஒரு விடுதியில் வேலை செய்யும் எங்கள் சித்தப்பா, பயணிகள் விட்டுச் செல்லும் ஆங்கிலப் புத்தகங்களை எனக்குக் கொண்டுவந்து கொடுப்பார். ஆங்கிலம் வளரட்டும் என்பது அவர் ஆசை. அவற்றுள் பல கிறிஸ்துமஸ் காதல் நாவல்கள் என்பது பாவம், அவருக்குத் தெரியாது! சில பக்கங்களைப் படிக்கும்போது பின்னால் யாரும் நிற்கவில்லையே என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அடுப்போரம் அமர்ந்து கதையை அக்காளுக்குத் தமிழில் சொல்வேன். "நடுவுல எதையோ விட்டுட்டியே!" என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

அந்தக் கதைகளின் அமைப்பு எளிமையானது. ஒருவரையொருவர் பிடிக்காத இருவர், மலையில் ஒரு வீடு, பனி கொட்டிப் பாதை அடைபட்டுவிடுகிறது, கணப்போ ஒன்றுதான்! கிறிஸ்துமஸ் முடிவதற்குள் கோபம் தீர்ந்தாக வேண்டும். பண்டிகை நாளல்லவா? மன்னிப்புக் கேட்பதும் மன்னிப்பதும் அன்று எளிதாகிவிடுகின்றன. எங்கள் ஊரிலும் மழையில் மண் சரிந்து பாதை அடைபடுவதுண்டு. ஆனால் அப்போது எங்களுக்குக் காதல் வருவதில்லை. வீட்டில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்ற கணக்குத்தான் வரும். அக்காளுக்கும் இது தெரியும். தெரிந்துதான் படிக்கிறாள்.

1908-இல் இலண்டனில் தொடங்கப்பட்ட மில்ஸ் அண்ட் பூன் நிறுவனம் நூறாண்டு கழித்து, 2008-இல், இந்தியாவிலும் கடை விரித்தது. தமிழிலோ 1969-இல் தொடங்கிய ராணி முத்து போன்ற இதழ்கள் மாதம் ஒரு நாவலைக் குறைந்த விலையில் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தன. இத்தனை ஆண்டுகளாக இத்தனை பெண்கள் காசு கொடுத்து வாங்கும் ஒன்றை 'குப்பை' என்ற ஒரே சொல்லால் தள்ளிவிடலாமா?

"பனியும் மலையும் முத்தமும் மேனாட்டுச் சரக்கு" என்பார் சிலர். தமிழ் மாணவி என்ற முறையில் இதை மறுக்கிறேன். குறிஞ்சித் திணைக்கு நிலம் மலை, பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம், உரிப்பொருள் புணர்தல். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். கிறிஸ்துமஸ் வருவதும் மார்கழியில்தான். குளிர்காலத்து மலையில் நள்ளிரவில் காதலர் கூடுவதை இலக்கணமாகவே வகுத்தவர்கள் நம் முன்னோர். இரவுக்குறியைத் தேர்வுக்குப் படிக்கும் நாம், அக்காள் கையில் உள்ள நாவலைக் கண்டு முகம் சுளிப்பது என்ன நியாயம்?

இன்னொன்றும் சொல்வேன். குளிரில் நடுங்குமே என்று மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன், நம் பழனி மலைப் பகுதியை ஆண்டவன். மயிலுக்கு இரங்கிய அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்க்கிழார் ஆகிய நால்வரும் அவளுக்காக அவனிடம் பரிந்து பாடியவை புறநானூற்றில் உள்ளன. எங்களுக்குப் பொருள் வேண்டாம், அவளிடம் திரும்பிச் செல், அதுவே நீ தரும் பரிசில் என்பதே அவர்கள் வேண்டுகோள். நல்ல முடிவு ஒன்றையே பரிசிலாகக் கேட்ட புலவர்கள் அவர்கள்! பேகன் தேரேறிச் சென்றானா என்பதை அப்பாடல்கள் சொல்லவில்லை. சொல்லப்படாத அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் இந்நாவல்கள் எழுதித் தருகின்றன. அக்காள் கேட்பதும் அதுவே.

இவற்றில் குறை இல்லையா? உண்டு. நான் படித்த சிலவற்றில் பெண் 'வேண்டாம்' என்பதை ஆண் 'வேண்டும்' என்று எடுத்துக்கொள்கிறான். அதைக் காதல் என்கிறார்கள். அது காதலன்று. பல கதைகளில் நாயகன் எஸ்டேட் முதலாளியாகவே இருக்கிறான். அந்த எஸ்டேட்டில் பழம் பறிப்பவள் கதைக்குள் வருவதே இல்லை. என் அக்காள் தான் இல்லாத கதையைப் படித்தே மகிழ்கிறாள் என்பது எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்தக் குற்றம் எழுதுகிறவர்களுடையது, படிக்கிறவளுடையது அன்று. பெண்கள் விரும்பிப் படித்த குடும்ப நாவல்களை எழுதிய லட்சுமிக்கு 1984-இல் சாகித்திய அக்காதெமி பரிசு கிடைத்தது. எளிய கதை என்பதாலேயே அது தாழ்ந்ததாகிவிடாது என்பதற்கு அது ஒரு சான்று.

ஆசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: இந்நூல்களைப் படிப்பவளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், ஏன் படிக்கிறாள் என்று அவளிடமே கேளுங்கள். கதை எழுதும் ஆசை உள்ளவர்கள் காப்பிக் காட்டுப் பெண்ணையே நாயகியாக்கி, அவளுக்கும் ஒரு முன்பனி இரவையும் நல்ல முடிவையும் எழுதுங்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இரண்டு புத்தகங்கள் எடுத்துச் செல்லப் போகிறேன்: ஒன்று மாத நாவல், மற்றொன்று உரையோடு கூடிய குறுந்தொகை. அக்காள் எதை முதலில் எடுப்பாள் என்பது எனக்குத் தெரியும். அதை அவள் முடிக்கும்வரை காத்திருப்பேன். பிறகு மற்றதையும் படித்துக் காட்டுவேன், இந்தமுறை நடுவில் எதையும் விடாமல்.