அளவு மாறிய உடம்பும் அளவு மாறாத சரக்கும்

பருப்பு விலை, எண்ணெய் விலை, ஜி.எஸ்.டி. கணக்கு என்று எழுத வேண்டிய பக்கத்தில் ரவிக்கையையும் நைட்டியையும் பற்றி என்ன பேச்சு என்று நம் உறுப்பினர்களில் சிலர் முகம் சுளிக்கலாம். அவர்களை ஒன்று கேட்கிறோம். கும்மிடிப்பூண்டி பஜாரில் தொடங்கி ஆரம்பாக்கம், கவரைப்பேட்டை, பொன்னேரி, ஊத்துக்கோட்டை என்று நம் வட்டாரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், மளிகை என்று பலகை மாட்டிக்கொண்டு வாசலில் ஒரு கொடி கட்டி நாலு நைட்டி, நாலு கைலி, உள்பாவாடை, துண்டு, பனியன் தொங்கவிடாத கடை எத்தனை இருக்கும்? மளிகையில் நிற்கிற லாபம் கடை வாடகைக்கே சரியாகிவிடுகிற காலத்தில் இந்தத் துணிச் சரக்குதான் பலருக்குக் கை கொடுக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தக் கொடியில் தொங்குவதை வாங்குகிறவர் யார் என்று என்றாவது கவனித்தோமா? இளவட்டங்கள் அல்ல. அவர்கள் மின்சார ரயிலேறி வண்ணாரப்பேட்டைக்கும் தி.நகருக்கும் போய்விடுகிறார்கள், அதற்கும் சோம்பல்படுகிறவர்கள் செல்போனில் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். கால் கிலோ உளுந்து வாங்க வந்த இடத்தில் நின்று, துணியைத் தொட்டுப் பார்த்து, "இது எவ்வளவுப்பா?" என்று கேட்கிறவர்கள் அறுபதைத் தாண்டிய ஆயாக்களும் தாத்தாக்களும்தான். படியேறி ரயில் பிடிக்க முடியாத அவர்களுக்கு நம் கடைதான் தி.நகர். அப்படிப்பட்ட வாடிக்கையாளருக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? "ஃப்ரீ சைஸ்" வைத்திருக்கிறோம்.

"ஆயா, இது ஃப்ரீ சைஸு, எல்லாருக்கும் சேரும், எடுத்துக்கோங்க" என்று ஒரு கடைப் பையன் சொல்ல, "எல்லாருக்கும் சேரும்தான் கண்ணு, தரையையும் சேத்துப் பெருக்குமே" என்று அந்த அம்மாள் திருப்பிச் சொன்னதை நம் காதாலேயே கேட்டோம். பையன் சிரித்தான், பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. மொத்தக் கடையிலிருந்து வரும் நைட்டிகள் பெரும்பாலும் 54 முதல் 56 அங்குல நீளம். நாலடி பத்தங்குலம் உயரமுள்ள பெண்மணியின் மொத்த உயரமே 58 அங்குலம். தலையும் கழுத்தும் போனால் தோளிலிருந்து தரை வரை சுமார் 48 அங்குலம்தான் மிஞ்சும். ஆக, 56 அங்குல நைட்டியில் எட்டு அங்குலத் துணி காலைச் சுற்றிக் கிடக்கும். இரவில் பாத்ரூம் போக எழுந்தவர் அந்த எட்டு அங்குலத்தில் தடுக்கி விழுந்தால் போவது இடுப்பெலும்பு. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தவர்களில் பலர் மறுபடி பழையபடி நடமாடுவதே இல்லை. இதைத் துணி விஷயம் என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

வயதாவது என்றால் உடம்பு பெருப்பது அல்லது மெலிவது மட்டுமல்ல. உடம்பின் கணக்கே மாறிவிடுகிறது. முதுகெலும்பின் வட்டுகள் தேய்ந்து உயரம் குறைகிறது. மேல்முதுகு வளைகிறது. கையும் காலும் மெலிய, வயிறு மட்டும் முன்னுக்கு வருகிறது. ரெடிமேடு சட்டை இந்தக் கணக்கில் தைக்கப்படுவதில்லை. தோளுக்குப் பொருத்தமாக 40 எடுத்தால் வயிற்றில் பட்டன் மாட்டாது; வயிற்றுக்காக 44 எடுத்தால் தோள் இறங்கி, அரைக்கை முழங்கையைத் தாண்டும். கூன் விழுந்த முதுகில் சட்டையின் பின்பக்கம் தூக்கிக்கொண்டும் முன்பக்கம் தொங்கிக்கொண்டும் நிற்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். கையைத் தலைக்குமேல் தூக்க முடியாத அவர்களுக்குத் தலைவழியாகப் போடுகிற எந்தத் துணியும் தினசரித் தண்டனைதான். விரல் மூட்டு வீங்கிய பாட்டிக்கு ரவிக்கையின் ஐந்து கொக்கிகளை மாட்டப் பேத்தி வர வேண்டும். பேத்தி சிப்காட்டில் காலை ஷிப்டுக்குப் போய்விட்டால்? கொக்கி மாட்ட ஆளில்லை, அதனால் கல்யாணத்துக்கு வரவில்லை என்று எந்தப் பெரியவரும் வெளியே சொல்ல மாட்டார். முட்டிவலி என்பார். நாமும் நம்பிவிடுவோம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அளவே தேவையில்லாத துணியை உலகத்துக்கு அனுப்பிய வட்டாரம் நம்முடையது. நம் மாவட்டத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பியது பெரும்பாலும் துணி வியாபாரத்தைக் காத்துக்கொள்ளத்தான். அங்கிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணிக்கு ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. மலேசியாவில் இன்றைக்கும் கட்டம் போட்ட கைலிக்கு "காயின் பெலிக்காட்" என்றுதான் பெயர். கைலி, வேட்டி, சேலை மூன்றுக்கும் நீளம் உண்டு, அகலம் உண்டு, சைஸ் கிடையாது. உடம்பு பெருத்தால் ஒரு கொசுவம் குறையும், மெலிந்தால் ஒரு கொசுவம் கூடும். இருபது வயதுக்காரரும் எண்பது வயதுக்காரரும் ஒரே துணியைக் கட்டலாம்.

ஆனால் கட்டுவதற்குக் கையில் பலம் வேண்டும். கைலி முடிச்சு நிற்கவில்லை, வேட்டி இடுப்பில் தங்கவில்லை, ஐந்தரை மீட்டர் சேலையைச் சுற்றி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது என்ற நிலை வரும்போதுதான் பெரியவர்கள் நைட்டிக்கும் எலாஸ்டிக் பேண்டுக்கும் வருகிறார்கள். எழுபது வயது வரை ரவிக்கையைத் தவிர வேறெதற்கும் அளவு பார்க்கத் தேவைப்படாதவர், எழுபதில்தான் முதன்முதலாக சைஸ் கேட்டு நம் கடைக்கு வருகிறார். அப்போது பார்த்து நம்மிடம் அவருடைய சைஸ் இல்லை.

தையற்காரர் இருந்தவரை இந்தக் குறை இவ்வளவு தெரியவில்லை. ஜவுளிக் கடைத் திண்ணையில் ஒரு மிஷினைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் டேப்பும் காதில் பென்சிலுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். துணி எடுத்தவரை அங்கேயே நிறுத்தி அளவெடுத்துவிடுவார். அவருடைய பிள்ளைகள் மிஷினில் உட்காரவில்லை. மாதச் சம்பளம், பி.எஃப்., கம்பெனி பஸ் என்று தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இருக்கிற சில தையற்காரர்களும் பள்ளிச் சீருடை, கல்யாண ரவிக்கை என்று நாலு காசு பார்க்கிற வேலைக்கே நேரம் போதாமல் இருக்கிறார்கள். ஆயாவின் சாதா ரவிக்கை கடைசி வரிசையில்தான் நிற்கும். அதன் தையற்கூலியே நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது.

அளவு ஜாக்கெட் என்ற வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பெண்கள் புதுத் துணியோடு தங்கள் பழைய ரவிக்கை ஒன்றைச் சேர்த்துக் கொடுத்து, "இதே அளவுக்குத் தைங்க" என்று சொல்லிவிடுவார்கள். கூச்சமும் இல்லை, நேரமும் மிச்சம். நாற்பது வயது வரை இது நல்ல ஏற்பாடு. அறுபத்தைந்து வயதில் கொண்டுபோய்க் கொடுக்கிற அளவு ஜாக்கெட்டோ பத்து வருஷத்துக்கு முந்திய உடம்புக்குத் தைத்தது. முதுகு வளைந்தது அதற்குத் தெரியாது, தோள் சுருங்கியது தெரியாது. தையற்காரர் சொன்ன சொல் தவறாமல் அதே அளவில் தைத்துத் தருவார். வீட்டுக்கு வந்து போட்டால் கழுத்து இறங்கிக் கிடக்கும், அக்குள் பிடிக்கும். பணம் போன பிறகு அந்த அம்மாள் யாரிடம் போய்ச் சொல்வார்?

உள்பாவாடை விற்கிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று. மகாராஷ்டிரத்து வார்தாவிலும் பீகாரிலும் உள்ள மருத்துவர்கள் 2024 நவம்பரில் ஆங்கில மருத்துவ இதழ் ஒன்றில் இரண்டு பெண்களின் நோயை விவரித்து எழுதினார்கள். ஒருவருக்கு 70 வயது, மற்றவர் அறுபதுகளின் இறுதியில் இருந்தவர். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் இடுப்புக் கட்டு இறுகி உராய்ந்ததால் தோல் நைந்து, புண்ணாகி, அது ஆறாமல் கடைசியில் புற்றுநோயாகவே மாறியிருந்தது. இது மிக அபூர்வம். யாரும் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் இடுப்பைச் சுற்றிக் கறுத்துத் தடித்த கோடு இல்லாத வயதான பெண்மணியை நம் வீடுகளில் பார்ப்பது அரிது. கயிறு போன்ற நாடாவுக்குப் பதில் இரண்டு விரல் அகலப் பட்டி வைத்த பாவாடையும் மொத்தக் கடையில் கிடைக்கிறது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கேட்டு வாங்கி வைப்பதுதான் வேலை.

அப்படிக் கேட்டு வாங்குகிறோமா என்றால், இல்லை. நம் பகுதியில் எல்லாச் சரக்கும் சிப்காட் தொழிலாளியை மனதில் வைத்தே வருகிறது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த பையன்கள் சம்பள வாரத்தில் டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் அள்ளிக்கொண்டு போகிறார்கள். அது நல்ல வியாபாரம், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. மொத்த வியாபாரியும் செட்டாகத்தான் தருகிறார். 38, 40, 42, 44 சேர்ந்தது ஒரு செட். அதில் ஓடாத உருப்படி நம் தலையில். "பெரியவர்களுக்கு என்று தனியாக வாங்கினால் தேங்கிவிடும்" என்று சில உறுப்பினர்கள் சொல்வது இந்தச் சூடு பட்ட அனுபவத்தில்தான்.

இவர்கள் கணக்குக்கு ஒரு மறுகணக்கு உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல் 60 வயதைத் தொட்டவர்கள். 2021-க்கு மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் போட்ட மதிப்பீடு 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகிற வாடிக்கையாளர் கூட்டம் இது ஒன்றுதான். ஆனால் தயாரிப்பாளர்களின் கண் இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. இந்தியர்களுக்கென்று தனி ஆடை அளவு வேண்டும் என்று நிஃப்ட் எனப்படும் தேசிய ஆடைத் தொழில்நுட்ப நிறுவனம் 2018-இல் ஒரு பெரிய அளவெடுப்பை அறிவித்தது. ஆறு நகரங்களில் 25,000 பேரை எந்திரக் கண்ணால் அளப்பது திட்டம். நல்ல காரியம். ஆனால் வயது வரம்பு 15 முதல் 65. அதற்கு மேற்பட்டவர்கள் அளவுக்கே வரவில்லை!

அரசுத் தரப்பிலும் அப்படித்தான். 1983-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் எத்தனையோ ஏழை வீடுகளின் மானத்தைக் காத்திருக்கிறது. சேலை வருகிறது, ரவிக்கை நம் பாடு. முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்தது. அந்தக் கூடுதல் தொகையை வைத்து ஒரு ரவிக்கை தைக்கலாம், இரண்டாவதற்கு யோசிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கு வரி 5 சதவீதம் என்றானதை நாமெல்லாம் வரவேற்றோம். பெரியவர்கள் வாங்கும் துணியோ எப்போதும் ஆயிரத்துக்கு உட்பட்டது. அதற்கு ஏற்கெனவே 5 சதவீதம்தான். ஆகவே அந்தச் சலுகை அவர்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

எனவே சில்லறைக் கடைக்காரர்களாகிய நாம்தான் ஏதாவது செய்தாக வேண்டும். இதற்குப் பெரிய முதல் தேவையில்லை. கடைக்கு ஒரு டேப் வாங்கி வைப்போம்; பெண்களுக்கு அளவெடுக்க வீட்டுப் பெண்கள் யாராவது உதவட்டும். தெருவில் மிஷின் வைத்திருக்கிற ஒரு பெண்மணியிடம் பேசி வைத்துக்கொண்டால், நைட்டியின் எட்டு அங்குலத்தை வெட்டி மடித்துத் தைத்து மறுநாள் கொடுத்துவிடலாம். கூலி சின்னத் தொகை. அதை நைட்டி விலையிலேயே சேர்த்துவிட்டால் வாங்குகிறவருக்கும் கனக்காது, அந்தப் பெண்மணிக்கும் நாலு வேலை கிடைக்கும். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற நைட்டி, கொக்கிக்குப் பதில் அழுத்துப் பட்டன் வைத்த ரவிக்கை, ஒட்டும் பட்டி வைத்த வேட்டி எல்லாம் சந்தையில் இருப்பவைதான். கடைக்கு இரண்டு உருப்படி வைத்தால் போதும், பேச்சு தானாகப் பரவும்.

மாற்றித் தருவதில் மட்டும் கொஞ்சம் தாராளம் வேண்டும். வாங்குகிறவர் பிள்ளை, போடுகிறவர் அம்மா. வீட்டில் போட்டுப் பார்க்காமல் பொருத்தம் தெரியாது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகையை இந்த ஒரு சரக்குக்காவது ஒரு வாரம் திருப்பி வைக்கலாம். பில்லின் பின்பக்கம் தோள், மார்பு, நீளம் மூன்றையும் குறித்துக் கொடுத்தால் அடுத்த தீபாவளிக்கும் அந்த வீடு நம் கடைக்கே வரும்.

நைட்டியின் நீளம்தான் பெரிய சிக்கல். அதைத் தனிக் கடைக்காரர் ஒருவர் தீர்க்க முடியாது. ஒருவர் போய் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் 46 அங்குல நைட்டி பத்து வேண்டும் என்று கேட்டால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். இருபது கடை சேர்ந்து ஒரே ஆர்டராக இருநூறு உருப்படி கேட்டால், வெட்டுகிற மேஜையில் கோட்டைப் பத்து அங்குலம் தள்ளிப் போடுவதில் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, துணிகூட மிச்சம். இதற்குச் சம்மதமுள்ள உறுப்பினர்கள், தங்கள் கடைக்கு மாதம் எத்தனை போகும் என்ற உத்தேசக் கணக்கோடு அடுத்த கூட்டத்துக்கு வரட்டும். நம் வட்டாரத்து மொத்த வியாபாரிகளும் வந்தால், செட்டை உடைத்துத் தருவதைப் பற்றி நேருக்கு நேர் பேசிவிடலாம்.