தொகை தெரிகிறது, வழி தெரியவில்லை

நம் தொகுதிக்கு எந்தக் கட்சிக்காரர் எம்.எல்.ஏ.வாக வந்தாலும் ஒரு வேலை மட்டும் தவறாமல் நடக்கிறது. அரசு ஓர் உதவித் திட்டத்தை அறிவித்த மறுநாளே துண்டறிக்கை வீடு தேடி வந்துவிடும். பேருந்து நிலையத்தருகே பிளக்ஸ் நிற்கும். வாட்ஸ்அப்பில் வண்ணப்படம் சுற்றும். முதியோர் உதவித்தொகை இவ்வளவு, மகளிருக்கு இவ்வளவு, மருத்துவக் காப்பீடு இவ்வளவு என்று எண்கள் பெரிய எழுத்தில் இருக்கும். கீழே கும்பிட்ட கையுடன் ஒரு படம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்புகளோடு குடித்தனம் நடத்திய எழுத்தன் நான். ஒரு காகிதம் கைக்கு வந்தால் என் கண் தானாகவே சில விஷயங்களைத் தேடும். யாருக்கு? எந்த அலுவலகத்தில்? என்னென்ன ஆவணம்? எத்தனை நாளில் பதில்? இல்லை என்று சொன்னால் யாரிடம் முறையிடுவது? நான் பார்த்த துண்டறிக்கைகளில் இந்த ஐந்துக்கும் விடை இருந்ததே இல்லை. தொகையைச் சொல்கிறார்கள், அதை அடையும் வழியைச் சொல்வதில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினர் மக்களுக்குத் தர வேண்டிய முதல் தகவல் அந்த வழிதான் என்பது என் கருத்து.

நான் பிறந்து வளர்ந்து வேலை பார்த்ததெல்லாம் புதுச்சேரியில். ஓய்வுக்குப் பிறகுதான் மனைவியின் ஊரான ஆலங்காயத்துக்கு வந்தேன். புதுச்சேரியில் 2011 கணக்குப்படி பன்னிரண்டரை லட்சம் மக்களுக்கு 30 தொகுதிகள். அதாவது ஒரு எம்.எல்.ஏ.வுக்குச் சுமார் 40 ஆயிரம் பேர். காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றால் முகம் பார்த்துப் பேசிவிடலாம். தமிழ்நாட்டில் அதே கணக்குப்படி 7 கோடியே 21 லட்சம் பேருக்கு 234 தொகுதிகள். ஒருவருக்கு மூன்று லட்சம் பேர். ஜவ்வாது மலைப் பக்கத்து ஊர்களிலிருந்து இறங்கி வரும் ஒரு பாட்டி நம் வாணியம்பாடித் தொகுதி எம்.எல்.ஏ.வை நேரில் பார்ப்பது நடக்கிற காரியமா? அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் நேரில் பார்க்க முடியாத இடத்தில்தான் எழுத்தில் தரும் தகவல் தெளிவாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதியோர் உதவித்தொகையை எம்.எல்.ஏ. அனுமதிப்பதில்லை. அதை அனுமதிப்பவர் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். எம்.எல்.ஏ.வின் பரிந்துரைக் கடிதம் ஒரு கடிதம்தான், ஆணை அல்ல. ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்றிருக்கும் தொகுதி மேம்பாட்டு நிதியும் சாலை, கட்டடம், குடிநீர் போன்ற பொதுப் பணிகளுக்குத்தான். இது தெரியாமல் நம் ஆட்கள் கட்சிக்காரர் வீட்டுக்கும் வட்ட அலுவலகத்துக்கும் நடுவில் செருப்பைத் தேய்க்கிறார்கள்.

பணம் யாருடையது என்பதிலும் குழப்பம். இந்த மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2011-இல் 1,000 ரூபாய் ஆனது. 2023 ஆகஸ்டிலிருந்து 1,200. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் வருபவர்களுக்கு, எண்பது வயதுக்குள் இருந்தால் மத்திய அரசு 200 ரூபாயும், அதற்கு மேல் 500 ரூபாயும் தருகிறது. மீதி மாநில அரசுடையது. கட்சிகள் மாறின, முதல்வர்கள் மாறினார்கள், தொகை ஏறியது. இதை ஒரே ஒருவர் படம் போட்டுத் தம் வீட்டுச் சீர்வரிசை போலக் காட்டுவது எப்படி நியாயம்?

சின்ன வயதில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் தெருவில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா தாத்தாக்கள் சிலர் இருந்தார்கள். பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வரும். அதற்கு ஆண்டுதோறும் 'செர்த்திஃபிக்கா தெ வி' கொடுக்க வேண்டும். இன்னார் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று. அது பற்றிய கடிதம் வந்தால் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். கடிதத்தில் நலம் விசாரிப்பு இருக்காது, படமும் இருக்காது. கோப்பு எண் இருக்கும். என்ன காகிதம், யார் கையெழுத்து, எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன ஆகும் என்று நாலு வரி இருக்கும். அந்த அரசு நம்மை ஆண்ட அந்நிய அரசு, அதன்மேல் எனக்கு ஏக்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் பத்து வயதுப் பையன் படித்துச் சொன்னதை வைத்து எழுபது வயதுக்காரர் தம் காரியத்தை முடித்துக்கொள்ள முடிந்தது. நம் துண்டறிக்கைகள் நல்ல தமிழில் இருக்கின்றன. அவற்றை வைத்து யாரும் எந்தக் காரியத்தையும் முடிக்க முடியாது.

எங்கள் எதிர்வீட்டு அம்மா இதற்குச் சாட்சி. வயதுக்காலத்தில் டேனரியில் வேலை செய்தவர், கணவர் இல்லை. கண் அறுவை செய்துகொண்டு ஆம்பூரில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தார். அதன்பின் உதவித்தொகை நின்றுவிட்டது. நாலு மாதம் வரவில்லை. அதற்கு நடுவில் ஒரு துண்டறிக்கை வந்தது, 1,200 ரூபாய் என்று கொட்டை எழுத்தில். என்னிடம் கொண்டுவந்து, "சார், எனக்கு ஏன் வர்லன்னு இதுல போட்டிருக்காங்களா?" என்று கேட்டார். போடவில்லை. மூன்று முறை பேருந்து ஏறி வட்ட அலுவலகம் போன பிறகுதான் காரணம் தெரிந்தது. விசாரணைக்கு வந்தபோது ஆள் முகவரியில் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு மனு, ஒரு ஆதார் நகல், வேலை முடிந்தது. "வெளியூர் போனால் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்" என்று ஒரு வரி அந்தத் துண்டறிக்கையில் இருந்திருந்தால், அந்த நாலு மாத மருந்துச் செலவுக்கு அவர் கடன் வாங்கியிருக்க மாட்டார்.

மகளிர் உரிமைத்தொகையிலும் இதே கதைதான். 2023 செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கியபோது ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றார்கள். அந்த எண் எல்லாச் சுவரிலும் ஏறியது. விண்ணப்பித்தவர்கள் ஒரு கோடியே 63 லட்சம். அப்படியானால் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 'இல்லை' என்ற பதில். அவர்கள் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று அரசே சொன்னது. அந்த 30 நாள் எத்தனை சுவரில் ஏறியது? கிடைத்தவர்களுக்கு வாழ்த்துச் சொல்ல ஆள் இருந்தது, கிடைக்காதவர்களுக்கு வழி சொல்லத்தான் ஆள் இல்லை.

நம் பகுதிக்கென்றே ஒன்று. வீட்டில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கும் பெண்கள் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் எத்தனையோ பேர். தோல் பொருள் தயாரிப்பு, தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி நல வாரியமே இருக்கிறது. அறுபது வயதுக்குள் பதிவு செய்திருந்தால்தான் அறுபதுக்குப் பின் வாரிய ஓய்வூதியம் கேட்க முடியும். பதிவை உரிய காலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இந்தத் தகவலின் விலை என்ன என்று யோசியுங்கள். இரண்டு வருடம் கழித்துச் சொன்னால் அது வெறும் செய்தி.

"எம்.எல்.ஏ. ஆட்கள் படிவம் பூர்த்தி செய்து தருகிறார்களே, முகாம் நடத்துகிறார்களே" என்று நண்பர்கள் கேட்பார்கள். நல்ல காரியம், நான் மறுக்கவில்லை. 2025 ஜூலையில் தொடங்கிய 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களில் மனுவுக்கு 45 நாளில் தீர்வு என்று நாள் குறித்துச் சொன்னார்கள். இப்படித்தான் சொல்ல வேண்டும். நாள் குறித்துச் சொன்னால்தான் நாற்பத்தாறாம் நாள் போய்க் கேட்க முடியும்.

ராஜஸ்தானில் 2019-இல் 'ஜன் சூச்னா' என்ற இணையத் தளத்தைத் தொடங்கினார்கள். யாருக்கு என்ன உதவி போகிறது என்பதை ஊர் வாரியாக யாரும் பார்க்கலாம். உதவித் திட்டங்களின் விவரங்களை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் 4-ஆம் பிரிவிலேயே சொல்லியிருக்கிறது. அதே மாதிரி நம் எம்.எல்.ஏ. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு தாள் வெளியிடட்டும். ஆலங்காயம், உதயேந்திரம், வாணியம்பாடி என்று பிரித்து, எத்தனை மனு வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை நிற்கிறது, எத்தனை தள்ளுபடி, என்ன காரணம். ஆளும் கட்சியோ எதிர்க்கட்சியோ, இந்தக் கணக்கைக் கேட்டு வாங்கச் சட்டமன்ற உறுப்பினருக்கு இடம் இருக்கிறது. கிடைக்காவிட்டால் பேரவையில் கேள்வி எழுப்பலாம். அதற்குத்தான் அனுப்பினோம்.

அதுவரை நாம் செய்ய வேண்டியதும் உண்டு. மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். 21.09.2015 நாளிட்ட பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை அரசாணை எண் 99, மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் முடிவும் தர வேண்டும் என்கிறது. இந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. ஒப்புகைச் சீட்டோடு போகிறவரை எந்த எழுத்தனும் சுலபமாகத் திருப்பி அனுப்ப முடியாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.