பொருந்திய வளைவரை சான்றாகாது

கணித மாதிரியின் வளைவரை தரவுப் புள்ளிகளின்மேல் அச்சாக விழுந்துவிட்டால், அந்த மாதிரி தரும் எண்களும் உண்மை என்று பலர் நம்புகிறார்கள். ஆய்வாளர்களிடமே இந்த நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. இது தவறு. சந்தேகம் இருந்தால் இன்னும் தரவு சேர்த்தால் போதும் என்ற ஆறுதல் அதைவிடப் பெரிய தவறு.

எச்ஐவியைப் பாருங்கள். தொற்றின் ஆரம்ப வேகம் தணிந்தபின், மருந்து எடுக்காத நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் அளவு ஆண்டுக்கணக்கில் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும். வகைக்கெழுச் சமன்பாட்டின்படி இதன் பொருள், உற்பத்தி வேகமும் அழிவு வேகமும் சமம் என்பது மட்டுமே. நாளுக்கு ஆயிரம் பிறந்து ஆயிரம் அழிந்தாலும், ஆயிரம் கோடி பிறந்து அத்தனையும் அழிந்தாலும் வரைபடத்தில் அதே கிடைக்கோடுதான். பத்தாண்டுகள் நாள்தோறும் இரத்தம் எடுத்தாலும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. இது தரவுப் பற்றாக்குறை அல்ல. எதை அளக்கிறோம் என்பதிலேயே இருக்கும் குறை.

சமநிலையைக் குலைத்த பிறகுதான் விடை கிடைத்தது. 1995-இல் டேவிட் ஹோ குழுவும் ஜார்ஜ் ஷா குழுவும் மருந்து கொடுத்து வைரஸ் சரியும் வேகத்தைப் பார்த்தன. 1996-இல் ஆலன் பெரல்சன், ஹோ முதலியோர் ரிட்டோனவிர் மருந்து எடுத்த ஐந்து நோயாளிகளின் அளவீடுகளிலிருந்து, நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் ஆயிரம் கோடி வைரஸ் துகள்கள் உற்பத்தியாகின்றன என்று கணக்கிட்டார்கள்.

மருந்து கொடுத்தாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. புதிய தொற்றை முழுவதும் தடுக்கும் மருந்துக்கு மிக எளிய மாதிரியை எழுதுங்கள். சமநிலையிலிருந்து தொடங்கினால், வைரஸ் அழியும் வேகத்தையும் தொற்றுண்ட செல் மடியும் வேகத்தையும் இடம் மாற்றிப் போட்டாலும் வைரஸின் வளைவரை துளியும் மாறாது. எந்த எண் எதனுடையது என்பதை உயிரியல்தான் சொல்ல வேண்டும். அப்படிக் கிடைத்த எண்ணும் மாறக்கூடும்: 1996-இல் நாளுக்குச் சுமார் 3 என்றிருந்த வைரஸ் அழிவு வேகம், 1999-இல் நோயாளிகளின் பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்துச் சோதித்தபோது சுமார் 23 ஆக உயர்ந்தது. பெரல்சன் குழு தன் மதிப்பீடு குறைந்தபட்சமே என்று முன்பே எழுதியிருந்தது. அந்த நேர்மையைத்தான் இன்று பல கட்டுரைகளில் காணோம்.

கொள்ளைநோயின் முதல் வாரங்களில் கிடைக்கும் ஏறுமுகக் கோட்டுக்கும் இதே கதிதான். தொற்றும் வேகத்திலிருந்து குணமாகும் வேகத்தைக் கழித்தால் வரும் எண்ணை மட்டுமே அது தரும். இரண்டும் தனித்தனியே வேண்டுமானால் தொற்றுக்காலத்தை வேறு வழியில் அளந்தாக வேண்டும்.

பிழையே இல்லாத தரவு கிடைத்தாலும் மாதிரியின் அளவுருவை, அதாவது இத்தகைய வேக எண்ணை, ஒரே மதிப்பாகக் கண்டறிய முடியுமா என்ற கேள்வியை ரிச்சர்ட் பெல்மனும் கார்ல் யோகான் ஆஸ்ட்ரோமும் 1970-லேயே முறையாக எழுப்பிவிட்டார்கள். இதைச் சோதிக்க ஒரு சொட்டு இரத்தம்கூடத் தேவையில்லை. சமன்பாடே போதும், கணக்கிட்டுத் தர மென்பொருள்களும் உண்டு. எனவே இந்தச் சோதனை இல்லாமல் அளவுரு அட்டவணையோடு வரும் கட்டுரையை இதழ்கள் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு அளவுருக்களின் பெருக்கற்பலன்தான் தெரியும் என்றால், பெருக்கற்பலனை மட்டும் அச்சிடட்டும்.