செத்துப்போன தாத்தா வெற்றிலை கேட்கிறார்

போன வருடம் என் அறைத்தோழன் ஒரு நாவல் எழுதினான். 140 பக்கம். எழுதி முடித்த அன்று ராத்திரியே பிரிண்ட் எடுத்து வந்து, "படிச்சுட்டு சொல்லு மச்சி" என்று கையில் கொடுத்தான். நான் 30 பக்கம் படித்தேன். மறுநாள் டெஸ்ட். (டெஸ்ட் இல்லாவிட்டாலும் அதற்கு மேல் படித்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.) காலையில் பல் தேய்த்துக்கொண்டே "செம மச்சி, பின்னிட்ட" என்றேன். வகுப்பில் இன்னும் நான்கு பேர் அதையே சொன்னார்கள். அவர்கள் எத்தனை பக்கம் படித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் என்னைக் கேட்கவில்லை.

டியூஷன் எடுத்துச் சேர்த்த காசைப் போட்டு 200 பிரதி அச்சடித்தான். விற்றது, சும்மா கொடுத்தது எல்லாம் சேர்த்து 40 போயிருக்கும். மிச்சம் கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஒரு நாள் முதல் வருடப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். "அண்ணா, 40ஆம் பக்கத்துல தாத்தா செத்துட்டாருல்ல? 92ஆம் பக்கத்துல திண்ணையில உக்காந்து வெத்தலை கேக்குறாரே, அது கனவாண்ணா?" கிண்டல் எல்லாம் இல்லை. நிஜமாகவே சந்தேகம்.

பையன் போன பிறகு தோழன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "நீ படிச்சேல்ல?"

அந்த இரண்டு வார்த்தைக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எழுத ஆசைப்படும் நம் ஆட்களிடம் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. எழுத்து என்பது ஊற்று மாதிரி உள்ளிருந்து வருவது, அதில் கை வைத்தால் இயல்பு கெட்டுவிடும், திருத்துவது குமாஸ்தா வேலை. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். சட்டை தைப்பவர் அளவு சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கிறார். வீட்டில் அம்மா ரசத்தை இறக்குமுன் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்க்கிறார். எழுதுகிறவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த விதிவிலக்கு?

இயல்புக் கட்சிக்காரர்கள் உடனே எடுத்துவிடும் பெயர் ஜாக் கெரோவாக். 'ஆன் தி ரோடு' நாவலை 1951 ஏப்ரலில் மூன்றே வாரத்தில், தாள்களை ஒட்டிச் செய்த 120 அடி நீளச் சுருளில், பத்தி கூடப் பிரிக்காமல் தட்டச்சு செய்தார். உண்மைதான். ஆனால் புத்தகம் வெளிவந்தது 1957இல். அந்த மூன்று வாரத்துக்கு முன்னால் பல வருடக் குறிப்பேடுகள் இருந்தன. பின்னால் பல வருடத் திருத்தங்கள் இருந்தன. சுருளில் இருந்தது அப்படியே வந்தது 2007இல், அவர் இறந்து 38 வருடம் கழித்து. நம் ஆட்கள் மூன்று வாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு வருடத்தை விட்டுவிடுகிறார்கள்.

'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலின் கடைசிப் பக்கத்தை 39 முறை மாற்றி எழுதியதாக ஹெமிங்வே 1958இல் வெளியான பேட்டியில் சொன்னார். ஜம்பம் என்றுதான் நானும் நினைத்தேன். 2012இல் வந்த பதிப்பில் அவர் எழுதிப் பார்த்த முடிவுகளை அச்சிட்டார்கள். மொத்தம் 47! எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' 1922இல் வந்தது. அதன் கையெழுத்துப் பிரதி 1971இல் அச்சானபோதுதான் எஸ்ரா பவுண்டின் பேனா எவ்வளவு வெட்டியிருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது. நாலாம் பகுதியில் நீளமான ஒரு கடல் பயணம் இருந்தது. இப்போது அந்தப் பகுதியில் இருப்பது மொத்தமே 10 வரி. எலியட் கோபித்துக்கொள்ளவில்லை. கவிதையைப் பவுண்டுக்கே சமர்ப்பணம் செய்தார்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் கதை. நம்ம புதுமைப்பித்தன் ஒரே மூச்சில் எழுதுவாராமே?" என்று சீனியர் ஒருவர் என்னை மடக்கினார். இருக்கட்டும், அப்படியே வைத்துக்கொள்வோம். அந்த மனிதர் தினமணியில் வேலை பார்த்தவர். மற்றவர் எழுத்தைச் செப்பனிடுவது பத்திரிகைக்காரனுக்குத் தினசரிப் பிழைப்பு. உலகச் சிறுகதைகளைத் தமிழில் வரி வரியாக மொழிபெயர்த்தவர் வேறு. தினமும் வெட்டி ஒட்டிப் பழகிய கைக்கு ஒரே மூச்சு போதுமாக இருக்கலாம். எனக்கும் உங்களுக்கும் அந்தக் கை இருக்கிறதா? ஒரே மூச்சை மட்டும் காப்பியடித்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும் :-)

தமிழில் எடிட்டிங் என்றாலே நினைவுக்கு வருபவர் க்ரியா ராமகிருஷ்ணன். 2020இல் காலமானார். பிரதியைச் செம்மையாக்குவதுதான் பதிப்பாளரின் முதல் வேலை என்று வாழ்நாள் முழுக்க நடந்து காட்டியவர். தற்காலத் தமிழுக்கு 1992இல் அகராதி கொண்டுவந்ததும் அவருடைய க்ரியாதான். அவர் பெயரை நாம் மரியாதையாகச் சொல்வோம். ஆனால் நம் கதையில் யாராவது ஒரு வரியில் கை வைத்தால் ஒரு வாரம் பேச மாட்டோம்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது, மறைக்கவில்லை. ரேமண்ட் கார்வரின் 1981 சிறுகதைத் தொகுப்பை அவருடைய எடிட்டர் கார்டன் லிஷ் ஏறக்குறையப் பாதியாக வெட்டினார். புத்தகத்தை நிறுத்திவிடும்படி கார்வர் கெஞ்சிக் கடிதம் எழுதினார். நடக்கவில்லை. வெட்டாத வடிவம் 'பிகின்னர்ஸ்' என்ற பெயரில் 2009இல்தான் முழுதாக வந்தது. அதாவது கத்திரி அடுத்தவர் கைக்கு முழுதாகப் போனால் ஆபத்து. சரி, அதற்கு என்ன வழி? முதலில் நீங்களே வெட்டக் கற்றுக்கொள்வதுதான்.

எப்படி? நான் செய்து பார்த்து, எனக்குப் பலன் கொடுத்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில், எழுதி முடித்ததும் பத்து நாள் அதைத் தொடாதீர்கள். எழுதிய ராத்திரியில் எல்லோரும் மேதைதான். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அது வேறு யாரோ எழுதியது மாதிரி இருக்கும். அப்போதுதான் தப்பு தெரியும்.

பிறகு வாய்விட்டுப் படியுங்கள். கண் தாண்டிப் போவதை நாக்கு தாண்டாது. மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். திருநெல்வேலிப் பாட்டி இரண்டாம் பக்கத்தில் "ஏல" என்று கூப்பிட்டுவிட்டுப் பத்தாம் பக்கத்தில் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசினால் காது உடனே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது அடைமொழிகள். நான் எழுதிய லட்சணத்தையே உதாரணமாகத் தருகிறேன்: "மழை மிகவும் பலமாகப் பெய்துகொண்டிருந்த ஒரு மாலை நேரத்தில், மனதில் ஆயிரம் எண்ணங்கள் அலைமோத அவன் மெதுவாக நடந்து சென்றுகொண்டிருந்தான்." மழை 'பலமாக', எண்ணங்கள் 'ஆயிரம்', நடை 'மெதுவாக'. இவ்வளவு இருந்தும் படிப்பவன் கண்ணில் எதுவும் தெரியவில்லை. திருத்திய பிறகு: "மழையில் நடந்தான். குடை கையில் மடங்கியே இருந்தது." அவன் மனநிலையை அந்தக் குடை சொல்லிவிடுகிறது. 'மிகவும்', 'ஒரு', 'தான்', 'என்பது குறிப்பிடத்தக்கது' இந்த நான்கையும் கணினியில் தேடிப் பாருங்கள். பாதியை எடுத்தாலும் ஒன்றும் குறையாது.

ஒற்று. "அதெல்லாம் புரூஃப் பார்ப்பவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லாதீர்கள். 'வேலை கொடுத்தான்' என்றால் உத்தியோகம் கொடுத்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் முருகன் கையில் இருக்கிறதே, அதைக் கொடுத்தான். எதைக் கொடுத்தான் என்பது எழுதியவனுக்குத்தானே தெரியும்?

கதை நீளமானால் தனியாக ஒரு தாளில் பட்டியல் போடுங்கள். யாருக்கு என்ன வயது, யாருக்கு யார் என்ன உறவு, யார் எந்தப் பக்கத்தில் செத்தார்கள். முக்கியமாகக் கடைசி விஷயம்!

இதெல்லாம் எழுதுகிறவனுக்கு. படிக்கிற நமக்கு ஒன்றே ஒன்றுதான். 'சூப்பர்', 'அருமை', 'பின்னிட்டீங்க' இந்த மூன்றையும் நிறுத்துவோம். நண்பனை நோகடிக்கக் கூடாது என்றுதான் சொல்கிறோம் என நாம் நினைத்துக்கொள்கிறோம். நிஜத்தில் நாம் காப்பாற்றுவது நம் நேரத்தைத்தான். ஒருவன் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதியதற்கு நாம் மூன்று மணி நேரம் தரத் தயாரில்லை. அதை மறைக்க ஒரு பாராட்டு. முழுக்கப் படிக்க முடியாவிட்டால் "30 பக்கம்தான் படிச்சேன், அங்க நின்னுட்டேன்" என்று சொல்லுங்கள். அது அவமரியாதை இல்லை. 31ஆம் பக்கத்தில் ஏதோ சரியில்லை என்ற தகவல் அவனுக்குக் கிடைக்கும். அந்தத் தகவலை நான் கொடுத்திருந்தால் கட்டிலுக்கு அடியில் 160 பிரதி தூங்கிக்கொண்டிருக்காது.

எழுதுகிறவர்களும் "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஊரில் ஒரே பதில்தான். "எங்க போரடிச்சுது? எது புரியல? எந்த ஆளை மறந்துட்ட?" என்று கேளுங்கள். பொய் சொல்ல வழி இருக்காது.

தோழன் இப்போது அதே நாவலைத் திரும்ப எழுதுகிறான். 140 பக்கம் 97 ஆகிவிட்டது. இந்த முறை நான் முழுக்கப் படித்து 12 இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒன்பதை ஏற்றுக்கொண்டான். மூன்றுக்குச் சண்டை போட்டான். அந்த மூன்றில் ஒன்றில் அவன் சொன்னதுதான் சரி.

தாத்தா? அவர் இப்போது சாகவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை கேட்கும் இடம்தான் நாவலிலேயே நல்ல இடம் என்று அந்த முதல் வருடப் பையன் சொன்னானாம். அதனால் 40ஆம் பக்கத்துச் சாவைத் தூக்கிவிட்டான்.