எந்தக் கூட்டத்துக்குப் போவது?

பழங்காநத்தத்திலிருந்து ஒரு சகோதரி நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் நல்ல உத்தியோகத்தில் இருப்பவர். மாலை வந்துவிட்டால் மட்டும் குடிக்காமல் இருக்க முடிவதில்லை. "விட்டுவிட வேண்டும் என்று இப்போது அவரே சொல்கிறார். இதற்கென்று கூட்டங்கள் நடக்கின்றனவாமே! எங்களைத் தெரியாத ஊரில், திருச்சியிலோ சென்னையிலோ, கௌரவமான கூட்டம் எது என்று தெரிவிப்பீர்களா?" என்று கேட்கிறார்.

'எங்களைத் தெரியாத ஊரில்' என்ற சொற்களிலேயே நம் கண் நின்றது. நீரிழிவு என்றால் எதிர் வீட்டாரிடம் மருந்துச் சீட்டையே காட்டுகிறோம். குடிநோய் என்றால் ஜன்னலைச் சாத்துகிறோம். சாத்தி என்ன பயன்? இரவில் அவர் தள்ளாடி வருவதைத் தெரு முழுவதும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது!

1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது, 1971-இல் தளர்ந்தது, பின் வந்தும் போயும், 2003 முதல் சில்லறை மதுக்கடைகளையும் சர்க்காரே நடத்தி வருகிறது. கடை நடந்து போகும் தூரத்தில் இருக்க, அதை மறக்கச் செய்யும் கூட்டம் மட்டும் ரயிலேறிப் போகும் தூரத்தில் இருக்கலாமா? மாதம் ஒரு முறை திருச்சிக்குப் போய் வருபவருக்கு மற்ற மாலைகளில் யார் துணை?

இந்தக் கூட்டங்கள் பிறந்த கதையே இதற்குப் பதில் சொல்லும். 1935-ஆம் ஆண்டு மே மாதம், நியூயார்க்கில் பங்கு மார்க்கெட்டுத் தொழில் செய்துவந்த பில் வில்ஸன் என்பவர், ஒரு வியாபார காரியமாக ஓஹையோ மாகாணத்து ஆக்ரன் நகரத்துக்குப் போனார். போன காரியம் கெட்டது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஹோட்டல் கூடத்தில் ஒரு பக்கம் மதுபான அறையின் சிரிப்பொலி. மறு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோனிடம் போனார். மாதாகோயில்களின் ஜாபிதாவைப் பார்த்துப் பாதிரிமாரைக் கூப்பிட்டு, தம்மைப் போன்ற இன்னொரு குடியர் அந்த ஊரில் உண்டா என்று விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற ரண வைத்தியர். கால் மணி நேரந்தான் இருப்பேன் என்று வந்த டாக்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டாராம். உபதேசம் அவருக்குப் பழகிப்போன சரக்கு. தம்மைப் போலவே விழுந்து எழுந்த ஒருவர் பேசுவதுதான் புதிது. அந்த இருவரிடமிருந்து வளர்ந்ததே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் ஏ.ஏ. இயக்கம். 1957-இல் அது டில்லிக்கு வந்தது. இன்று தமிழிலேயே பேசி நடக்கும் கூட்டங்கள் நம் நாட்டில் உண்டு.

'அனானிமஸ்' என்றால் பெயர் வெளியிடாதவர் என்று பொருள். அங்கே யாரும் முழுப் பெயரோ உத்தியோகமோ சொல்ல வேண்டியதில்லை. அங்கே கேட்டதை வெளியே பேசுவதில்லை என்பது ஏற்பாடு. தெரிந்த முகம் ஒன்று தென்பட்டால்? அந்த முகமும் அதே காரியத்துக்காகத்தானே வந்திருக்கிறது!

தகுந்த கூட்டத்தை அறிவது எப்படி என்றால், சந்தாவோ கட்டணமோ கேட்கக் கூடாது. குடியை விட விருப்பம் என்ற ஒன்றைத் தவிர வேறு தகுதி கேட்கக் கூடாது. கடவுளைப் பற்றிய பேச்சு வரும். ஆனால் எந்த மதத்திலும் சேர்க்கும் பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடலாம். திறந்த கூட்டத்துக்கு யாரும் போகலாம். மற்றது குடியை விட விரும்புவோருக்கு மட்டும். முதல் நாள் திறந்த கூட்டத்துக்குத் தம்பதிகளாகவே போய் வரலாம். ஒன்று பிடிக்கவில்லையென்றால் இன்னொன்று. மூன்று நான்கு பார்த்த பிறகே தீர்மானிப்பது நல்லது. நாற்காலி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு மனம் தடுமாறினால் கூப்பிட ஒருவருடைய டெலிபோன் நம்பர் கிடைத்ததா என்று பாருங்கள்.

கூட்டத்துக்கும் முன்னால் டாக்டர். பல வருஷம் தினமும் குடித்தவர் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுங்கும். சிலருக்கு இரண்டொரு நாளில் வலிப்பு வரும், சித்தம் கலங்கும், உயிருக்கே ஆபத்தாகும். மதுரை அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. (அந்த ஆஸ்பத்திரிக்கு ராஜாஜியின் பெயரே இட்டிருப்பது பொருத்தந்தான்.) மத்திய சர்க்காரின் 14446 என்ற இலவச டெலிபோனிலும் யோசனை கேட்கலாம். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடிகளை மட்டும் தொடவே வேண்டாம். அவற்றில் டைசல்ஃபிராம் போன்ற மருந்து இருந்து, அறியாமல் அவர் குடித்துவிட்டால் நெஞ்சு படபடத்து ரத்த அழுத்தம் விழுந்துவிடக்கூடும்.

குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் ஜன்னலைச் சாத்தவில்லை. 1980-இல் சென்னையில் கணவர் பெயரால் குடிநோய்க்குச் சிகிச்சை நிலையமே தொடங்கினார். 1992-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கடிதம் எழுதிய சகோதரி தமக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. பில் வில்ஸனின் மனைவி லோயிஸ் முதலியோர் 1951-இல் குடும்பத்தாருக்கென்றே 'அல்-அனான்' என்ற தனிக் கூட்டங்களை அமைத்தார்கள். குடிப்பவர் திருந்தினால்தான் அங்கே இடம் என்பதில்லை. கணவர் இந்த வாரம் கிளம்பினாலும் கிளம்பாவிட்டாலும், சகோதரி தாம் போகக்கூடிய கூட்டம் அருகில் எங்கே என்று ஏ.ஏ. அன்பர்களிடமே கேட்டுக்கொண்டு புறப்படலாம்.